வலது கண்ணில் ஒரு சொட்டு

கலைமணியின் கை தவறியதே இல்லை என்று சொன்னால், திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் வரைக்கும் உள்ள கோழிப்பண்ணைக்காரர்களில் ஒருவரும் மறுத்துப் பேசமாட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் குஞ்சு அவள் கணக்கு. இடது கையால் குஞ்சைத் தூக்குவாள், கட்டைவிரலால் இமையை விலக்குவாள், வலது கையால் கண்ணில் ஒரே ஒரு சொட்டு விடுவாள். குஞ்சு ஒரு தரம் சிமிட்டிய பிறகுதான் கீழே இறக்குவாள். கூட வேலைக்கு வரும் மற்றப் பெண்கள் கன்னத்தில் விடுவார்கள், தலையில் விடுவார்கள், சூப்பர்வைசர் திரும்புவதற்குள் குஞ்சைக் கூட்டத்தில் தள்ளிவிடுவார்கள். அந்த ஏமாற்று வேலை கலைமணிக்கு ஆகாது. அதில் அவளுக்குக் கர்வம் என்றே சொல்லலாம், கொஞ்சநஞ்சக் கர்வமில்லை.

அப்பேர்ப்பட்ட கைதான் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தன் சொந்த மகளின் வலது கண்ணில் கோழி மருந்தை விட்டது.

மகள் சண்முகப்பிரியா. வயது இருபத்திரண்டு. மூன்றாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போட்டவள், பவர் ஏறி ஏறி ஏழில் வந்து நின்றது. இவளுக்குப் பிடித்ததோ கபடி. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் களத்தில் இறங்க முடியும். இடது மூலையில் நிற்பாள், பிடி வீராங்கனை. எதிரணியிலிருந்து பாடி வருகிறவளின் முகம் தெரியாது. மண்ணில் கால் உரசும் சத்தத்தையும் கலங்கலாக அசையும் நிறத்தையும் வைத்துக் கணுக்காலைப் பிடித்துவிடுவாள். இப்படிப் பாதிக் குருடாகவே விளையாடி மாவட்ட அணி வரை வந்தவளை, கண் தெரிந்தால் மாநில அணிக்கே எடுப்பார்கள் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. வடக்கே ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியோடு போயிருந்த அப்பன் தங்கசாமி போனிலேயே சரி சொல்ல, தாயும் மகளும் சேலத்துக்குப் போய், மகளுக்குக் கண்ணாடி வேண்டாமல் போக லேசர் சிகிச்சை செய்துகொண்டு வந்தார்கள். இரண்டு கண்ணும் ஒரே நாளில், வியாழக்கிழமை.

சேலத்து டாக்டர் தஹ்சீன் விளக்கமாகச் சொல்லும் பெண்மணி. இதில் இரண்டு வழி உண்டு, ஒன்றில் கருவிழியின் மேல் ஒரு மெல்லிய மூடி வெட்டித் திறந்து, லேசர் வைத்து, திரும்ப மூடிவிடுவோம், மறுநாளே பார்வை வந்துவிடும் என்றார். ஆனால் முகத்தில் முழங்கை பட்டால் அந்த மூடி விலகிவிடலாம், கபடிக்காரிக்கு அது வேண்டாம். மற்ற வழியில் கருவிழியின் மேல்தோலையே வழித்து எடுத்துவிட்டு லேசர் வைப்போம். தோல் தானாக வளர வேண்டும். ஓரத்தில் இருக்கும் செல்கள் நாலா பக்கத்திலிருந்தும் நகர்ந்து நகர்ந்து நடுவில் வந்து சேரும், நாலைந்து நாள் ஆகும். அதுவரை கட்டுத்துணி மாதிரி ஒரு லென்ஸ் கண்ணுக்குள்ளேயே இருக்கும். வலிக்கும், வெளிச்சம் ஆகாது, தண்ணீர் கொட்டும். பச்சைப் புண் அது, அழுக்குத் தண்ணீர் ஒரு துளி படக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது பிரியாவைவிடக் கலைமணிதான் பலமாகத் தலையாட்டினாள். சொட்டு மருந்து விடுவதைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று வேறு நர்சிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

தப்பு நடந்த விதம் இதுதான். சனிக்கிழமை விடியற்காலை பக்கத்துப் பண்ணையில் குஞ்சுகளுக்கு மருந்து விட ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார்கள். போய்விட்டு ஒன்பதரைக்குத் திரும்பினாள். வரும்போது மீந்த மருந்தை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். வெள்ளைக் கழிச்சல் வராமல் தடுக்கிற லசோட்டா மருந்து அது. கலக்கி இரண்டு மணி நேரம் தாண்டினால் கொட்டி அழித்துவிட வேண்டும், வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். எந்தப் பெண் அந்தச் சட்டத்தைக் கேட்டாள்? வீட்டுக்கு வீடு நாலு நாட்டுக்கோழி இருக்கிறது, அடியில் மீந்த பத்துச் சொட்டு அதுகளுக்கு ஆகும் என்று எல்லாருமே எடுத்து வருவதுதான். கலைமணியிடமும் பத்துக் குஞ்சுகள் இருந்தன. கைகால் கழுவிவிட்டு வந்து விடலாம் என்று பாட்டிலை ஃபிரிட்ஜ் கதவில் வைத்தாள். அங்கேதான் கண் உலராமல் இருக்க விடும் பிரியாவின் கண்ணீர் மருந்தும் இருந்தது, குளிர்ச்சியாக விட்டால் எரிச்சல் அடங்கும் என்று. இரண்டும் ஒரே உயரம், ஒரே வெள்ளை பிளாஸ்டிக், ஒரே கூர்மூக்கு. கோழி மருந்துக்கு நீல மூடி, கண்ணீர் மருந்துக்குப் பச்சை மூடி.

பிரியா வெளிச்சம் தாங்காமல் ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டச் சொல்லியிருந்தாள். அந்த இருட்டில் எந்த மூடிக்கு என்ன நிறம்? கை போய் எடுத்தது. விரல் இமையை விலக்கியது. சொட்டு விழுந்தது. பிரியா சிமிட்டினாள். குஞ்சுக்குச் சொல்வதைப் போலவே "ம், ஆச்சு" என்றாள் கலைமணி.

இடது கண்ணுக்குப் போகுமுன் வழிந்ததைத் துடைக்கப் பஞ்சை எடுத்து ஒற்றினாள். கதவிடுக்கு வெளிச்சத்தில் பஞ்சு நீலமாக இருந்தது. எந்தக் குஞ்சுக்கு விட்டாயிற்று என்று தெரிவதற்காக அந்த மருந்தில் நீலச் சாயம் கலந்திருப்பார்கள். பதினாறு வருஷமாக அந்த நீலத்தைப் பார்த்து வருகிறவள் அவள்.

பயம் வந்தால் மனிதருக்குப் புத்தி எங்கெங்கோ போகும். சேலத்துக்குப் போன் செய்ய வேண்டும் என்று கலைமணிக்குத் தோன்றவில்லை. பாட்டிலை ஒளிக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அதை மடியில் செருகினாள். பச்சை மூடி பாட்டிலை எடுத்து வந்து நல்ல மருந்தைச் சொட்டுச் சொட்டாக அந்தக் கண்ணில் ஊற்றினாள். எதற்கு இவ்வளவு என்று பிரியா கேட்டதற்கு, டாக்டர்தான் இன்றைக்குச் சேர்த்து விடச் சொன்னார் என்று கூசாமல் பொய் சொன்னாள். அதுவரை மகளிடம் அவள் சொன்ன பொய்யெல்லாம் தின்பண்டம் தீர்ந்துபோனது பற்றிய பொய்கள்தான்.

கொல்லைக்குப் போய்ப் பண்ணை சூப்பர்வைசர் தமிழரசுவைக் கூப்பிட்டாள். அவன் முதலில் மருந்தை ஏன் வெளியே கொண்டு போனாய் என்று எகிறினான். பிறகு குரலை இறக்கி, மனுசனுக்கு அது ஒன்றும் செய்யாது, இரண்டு நாள் சிவந்து தானாகப் போய்விடும், வெளியே சொல்லி உன் வேலையையும் என் வேலையையும் கெடுத்துவிடாதே என்றான். அவன் சொன்னதில் பாதி நிஜம் என்பதுதான் கெடுதலாகப் போயிற்று. எட்டு வருஷத்துக்கு முன்னால் கலைமணியின் கண்ணிலேயே அது தெறித்திருக்கிறது. சிவந்தது, பொங்கியது, ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. அதையே பிடித்துக்கொண்டு அன்றைய பகலை ஓட்டினாள். பத்துக் குஞ்சுகளுக்கும் அன்று மருந்து கிடைக்கவில்லை. பாட்டிலைக் கொதிக்கும் வெந்நீரில் போட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் ஆகவில்லை. மருந்து நேரமெல்லாம் பாட்டிலை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து எடுத்து வந்தாள். மகளுக்கு வலி குறைந்திருந்தது. இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டாள். தப்பித்துவிட்டோம் என்று கலைமணி திருச்செங்கோட்டு மலை இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் பிரியாவின் வலது இமை வீங்கிக் கிடந்தது. பிரித்துப் பார்த்தால் வெண்விழியில் வெள்ளையே இல்லை. இடது கண் தெளிந்துகொண்டு வர, வலது கண்ணில் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்கள். உடனே கிளம்பி வரச் சொன்னார்கள்.

சங்ககிரி போய் பஸ் மாறினார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டு, அதன் மேல் துண்டையும் போர்த்திக்கொண்டு பிரியா தாயின் தோளில் சாய்ந்திருந்தாள். இடது மூலையில் நிற்கிறவளுக்குப் பாடி வருகிறவள் தெரிவது வலது பக்கத்தில்தான், போனால் இந்தக் கண்ணா போக வேண்டும் என்று ஒரு தரம் மட்டும் சொன்னாள். கலைமணிக்கு அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சேலம் வரட்டும் என்று விழுங்கினாள். சேலம் வந்தது. சூரமங்கலத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தார்கள். ஆட்டோவிலும் சொல்லவில்லை.

டாக்டர் தஹ்சீன் லென்ஸை எடுத்துவிட்டு, கண்ணில் ஒரு மஞ்சள் சாயம் விட்டு, நீல விளக்கைப் போட்டுப் பார்த்தார். தோல் இல்லாத இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். அதைத் திரையில் காட்டினார். இடது கண்ணில் பச்சையே இல்லை, நான்கே நாளில் நாலா பக்கமும் நகர்ந்து வந்து மூடிவிட்டது. வலது கண்ணின் நடுவில் கொள்ளுப் பருமனுக்குப் பச்சையாக ஒரு திட்டு. அதன் விளிம்பு தடித்து நின்றுபோயிருந்தது. ஓரத்தில் இரண்டு மூன்று வெள்ளைப் புள்ளிகள்.

"வேற ஏதாவது கண்ணுல பட்டுச்சாம்மா? குழாய்த் தண்ணி, எண்ணெய், தாய்ப்பால், எதுவா இருந்தாலும் சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன்."

"இல்லீங்க டாக்டர்," என்றாள் பிரியா. "எல்லா மருந்தும் எங்கம்மாதான் உடறாங்க. எங்கம்மா கை தப்பாதுங்க."

கலைமணி தரையைப் பார்த்தாள். மகள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

டாக்டர் யோசித்தார். லென்ஸ் ஒத்துக்கொள்ளாமல் வரும் வீக்கம் போலத்தான் தெரிகிறது, அதற்கு ஸ்டீராய்டு மருந்தைக் கூட்ட வேண்டும், மணிக்கு ஒரு தரம் விட வேண்டும் என்றார். கிருமியாக இருந்தால் அந்த மருந்து கிருமிக்குச் சோறு போட்ட மாதிரி ஆகிவிடும், ஆனால் இது கிருமி மாதிரி இல்லை என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார்.

"எழுதாதீங்க, டாக்டரம்மா," என்றாள் கலைமணி.

பேனா நின்றது.

"நாந்தானுங்க. சனிக்கிழமை காலையில கோழிக்குஞ்சு மருந்தை உட்டுப்போட்டனுங்க. இந்தக் கண்ணுல. ஒரு சொட்டு."

டாக்டருக்கு அந்த மருந்தின் பெயரே தெரியவில்லை. அவர் ஒவ்வொன்றாகக் கேட்க, கலைமணி நின்றபடி பதில் சொன்னாள். உயிருள்ள வைரஸ், முட்டைக்குள் வளர்த்து உலர்த்தியது, நோய் தராத அளவுக்கு வலுக் குறைந்தது, கலக்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது, பாட்டில் குளிரில் இருந்தது. பண்ணைக்கு வரும் கால்நடை டாக்டர் சொல்லிக் கொடுத்ததெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள்.

"எனக்கே எட்டு வருசத்துக்கு முந்தி தெறிச்சுதுங்க. செவந்து ஒரு வாரத்துல சரியாப் போச்சு. ஆனா என்ற கண்ணுல தோலு இருந்துச்சு. எம்புள்ள கண்ணுல தோலு இல்லீங்களே."

டாக்டர் திட்டவில்லை. சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். நாமக்கல்லில் தெரிந்த ஒரு கால்நடை மருத்துவரிடம் கால் மணி நேரம் போனில் பேசிவிட்டு வந்தார். எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டார். ஸ்டீராய்டு முழுசாக நிறுத்தம். இந்த வைரஸை உடம்பே விரட்டிவிடும், நாம் உடம்பின் கையைக் கட்டிப் போடாமல் இருந்தால் போதும். ஆனால் ஸ்டீராய்டு இல்லாமல் இருக்கும் நாட்களில் புண் ஆறத் தாமதித்தால் கருவிழியின் நடுவில் மங்கலாக ஒரு தழும்பு விழலாம், அது விழுந்தால் சுலபத்தில் போகாது. வெள்ளிக்கிழமைக்குள் மூட வேண்டும். தினமும் வந்து காட்டுங்கள் என்றார். கண்ணைக் கழுவி, புது லென்ஸ் வைத்து அனுப்பினார்.

திரும்பும்போது பிரியா தாயின் தோளில் சாயவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் மருந்துகளைத் தன் தலைமாட்டில் வாங்கி வைத்துக்கொண்டாள். தானே அண்ணாந்து, தானே விட்டாள். முதல் சொட்டு மூக்கில், இரண்டாவது கன்னத்தில், மூன்றாவதுதான் கண்ணில். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கலைமணி அதை எண்ணிக்கொண்டிருந்தாள். இத்தனை குஞ்சுகளுக்கு விட்ட கை, என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை அதே பஸ், அதே விளக்கு. திரையில் அதே கொள்ளு. ஒரு மயிரிழைகூட நகரவில்லை. டாக்டர் இரண்டு தரம் பார்த்தார். அன்று திரும்பும் வழியில், சங்ககிரி பஸ் நிலையத்தில் காத்திருக்கும்போது கலைமணி பொறுக்க மாட்டாமல் மகளிடம், என்னைத் திட்டிவிடு சாமி, இப்படி இருக்காதே என்றாள்.

ஒரு லாரி அடித்த ஹாரன் முழுசாக ஓய்ந்த பிறகு பிரியா பேசினாள்.

"கை தப்பறது எல்லாருத்துக்கும் தப்பும். களத்துல எனக்கும் தப்பும். ரெண்டு நாள் வாயை மூடிட்டு என்ற பக்கத்துலயே உக்காந்திருந்த பாரு, அதுதாம்மா எனக்கு ஆறலை."

பஸ் ஸ்டாண்டு என்றும் பார்க்காமல் கலைமணி அழுதாள். மகள் சமாதானம் செய்யவுமில்லை, எழுந்து போகவுமில்லை.

அன்று மாலை அவள் தமிழரசுவைக் கூப்பிட்டு, டாக்டரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், பண்ணைக்காரரிடமும் நானே சொல்லப் போகிறேன் என்றாள். அவன் கத்தினான். கத்தி முடிக்கும் வரை கேட்டுவிட்டு வைத்தாள். பண்ணைக்காரர் பதினைந்து நாள் வேலைக்கு வர வேண்டாம் என்றார். மீந்த மருந்தை இனிமேல் தன் கண் முன்னாலேயே கொட்டச் சொல்லிவிட்டாராம். கூட்டாளிப் பெண்கள் கலைமணியை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள் என்றும் காதுக்கு வந்தது. அவளுக்கு இருந்த கவலையில் அது எந்த மூலைக்கு?

புதன்கிழமை திரையில் பச்சைத் திட்டு ஒரு கம்புத் தானிய அளவுக்குச் சுருங்கியிருந்தது. தடித்து நின்ற விளிம்பு மெலிந்து மறுபடி நகர ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் விரலால் காட்டினார். யாரும் தள்ளாமல், யாரும் சொல்லாமல், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு அந்தச் செல்கள் நடுவை நோக்கிப் போகின்றன என்றார். கலைமணி அந்தத் திரையைச் சாமி படத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். வியாழக்கிழமை கேழ்வரகு அளவு. இமை வீக்கம் வடிந்தது. சிவப்பு மட்டும் மிச்சம். அன்று இரண்டு பேருமே பஸ்ஸில் தூங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் சாயம் விட்டார், விளக்கைப் போட்டார். வெகுநேரம் பார்த்தார்.

"மூடிடுச்சு," என்றார்.

பச்சை இல்லை. நாலா பக்கத்திலிருந்தும் வந்தவை சந்தித்த இடத்தில் மட்டும், கொழுக்கட்டை மாவை ஒட்டிய இடம் போல மெல்லிய ஒரு கோடு. அது மெல்லச் சமனாகும் என்றார். அதற்குக் கீழே லேசான மங்கல் இருந்தது. அது இரண்டு மாதத்தில் போகுமா, ஆறு மாதம் ஆகுமா, கொஞ்சம் நிற்குமா என்று இன்றைக்குச் சொல்ல முடியாது, கபடித் தேர்வைப் பற்றி நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னார். ஸ்டீராய்டை இப்போது குறைந்த அளவில் தொடங்கலாம், கண்ணீர் மருந்து வழக்கம் போல. கிளம்பும்போது கலைமணியைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்கள் அன்றைக்குச் சொல்லாமல் போயிருந்தால் நானே இந்தக் கண்ணைக் கெடுத்திருப்பேன் என்றார். அதைக் கேட்டுக் கலைமணிக்கு ஆறுதல் வரவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணி. ஜன்னல் போர்வைகளில் ஒன்றைக் கழற்றியிருந்தார்கள். பிரியா கட்டிலில் அண்ணாந்து கண்ணீர் மருந்தை விட்டுக்கொண்டிருந்தாள். மூக்கில் ஒன்று. காதுப் பக்கம் ஒன்று. அலுத்துப்போய் எழுந்து உட்கார்ந்தாள். வாசற்படியில் நின்ற தாயை நோக்கி பாட்டிலை நீட்டினாள்.

கலைமணி வந்து வாங்கிக்கொண்டாள். கட்டிலருகே நிற்கப் போனவளை மகள் தடுத்தாள்.

"வாசலுக்குப் போயி, வெளிச்சத்துல தூக்கிக் காட்டு."

போய் நின்று, பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். கட்டிலுக்கும் வாசலுக்கும் எட்டடி தூரம். கண்ணாடி இல்லாமல் அந்தத் தூரத்தில் தாயின் முகமே தெரியாத பிள்ளை அவள். பிரியா உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்தினாள். சிவந்த வலது கண்ணைச் சுருக்கி, விரித்து, மறுபடி சுருக்கிப் பார்த்தாள். கலைமணியின் தூக்கிய கை கடுத்தது. இறக்கவில்லை.

"எழுத்து மசமசன்னு இருக்குது," என்றாள் பிரியா. "மூடி பச்சை."

"பச்சைதான் சாமி."

"நீ சொல்லாத. நானே பார்க்கறேன்." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பச்சைதான். நீ அழுதுட்டு நிக்கறதும் தெரியுது. வந்து உடு."

அண்ணாந்து படுத்தாள். கலைமணி இமையை விலக்கினாள். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் கை ஆடியது. சொட்டு கன்னத்தில் விழுந்தது. அதைப் பஞ்சில் ஒற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெறும் ஈரம்.

"இன்னொண்ணு உடு," என்றாள் பிரியா, அசையாமல்.

இரண்டாவது சொட்டு கண்ணுக்குள் போயிற்று. மகள் ஒரு தரம் சிமிட்டும் வரை கலைமணி இமையிலிருந்து விரலை எடுக்கவில்லை.